கேரவன் கழுநீரை எங்கே கொட்டுவது?

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கேரவனை நிறுத்தித் தங்கினோம். மறுநாள் காலை பாத்திரம் கழுவிய தண்ணீர், சிங்க்குக்குக் கீழே தரையில் இருந்த ஓட்டை வழியாக நேராக மணலில் விழுந்தது. கடற்கரை மணல்தானே, உடனே இழுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தோம். தண்ணீரை மட்டும்தான் இழுத்தது. சோற்றுப் பருக்கையும் மீன்குழம்பு எண்ணெயும் சோப்பு நுரையும் மேலேயே நின்றுவிட்டன. பத்து நிமிஷத்தில் ஈ மொய்த்தது. பக்கத்தில் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"இன்னாப்பா இது? நாங்க வலை காயப் போடுற எடம். உங்க வூட்டு வாசல்ல இப்பிடி ஊத்துவியா?"

பதில் சொல்ல வாயில்லை. மச்சான் ஒரு மண்வெட்டி கடன் வாங்கி வந்து மணலை மூடினான். அன்றைக்குத் தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை. பழைய இழுவைக் கேரவன் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். பழைய வேனைப் படுக்கை வண்டியாக மாற்றுபவர்கள், தள்ளுவண்டியில் சிங்க் வைத்து டிபன் கடை போடுபவர்கள் எல்லாருக்கும் இதே தலைவலிதான்.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்களின் ஏசி வண்டியை நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது 12 அடி நீளம், ஒற்றை அச்சு, மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பெட்டி. 1970-களில் நடமாடும் மருந்தகமாக ஓடியதாம், விற்றவர் சொன்னது. ஊசி கழுவுவதற்கு ஒரு மூலையில் எனாமல் சிங்க், அதற்குக் கீழே ஒன்றரை இஞ்ச் குழாய், குழாய் முடிகிற இடத்தில் வானமும் பூமியும். மச்சான் தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வண்டி நிற்பது அங்கேதான். மாதத்துக்கு ஒருமுறை அம்மாவையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்காவது போவோம். எண்ணூர், பழவேற்காடு, ஒரே ஒருமுறை ஏலகிரி.

தண்ணீர் நேராகத் தரையில் விழுவது எங்கள் வண்டிக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அமெரிக்காவில் 1970-களுக்கு முன் செய்த டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிங்க் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தனி டேங்க் கிடையாது. கழிப்பறைக்கு டேங்க் இருக்கும். பாத்திரம் கழுவியது, குளித்தது எல்லாம் தரைக்கு. சிங்க், குளியல் தண்ணீரை அவர்கள் சாம்பல் நீர் என்கிறார்கள், கழிப்பறையுடையதைக் கருப்பு நீர் என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்குப் பழைய பெயரே உண்டு: கழுநீர். கொல்லையில் கழுநீர்ப் பானை வைத்து, அரிசி களைந்ததையும் வடித்த கஞ்சியையும் மாட்டுக்குச் சேர்த்துவைப்பார்கள். அந்தப் பானையில் சோப்பு கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இன்று அமெரிக்காவில் வண்டி நிறுத்தும் முகாம்களில் கழிவைக் கொட்டுவதற்கென்றே மூடி போட்ட குழி இருக்கும். பிரிட்டனில் வேறு வழக்கம். கேரவனுக்கு வெளியே, குழாயடியில் சக்கரம் வைத்த ஒரு பீப்பாயை வைத்துவிட்டு, நிரம்பியதும் உருட்டிக்கொண்டு போய்க் கொட்டிவிடுவார்கள். நமக்கு அந்தக் குழியும் இல்லை, உருட்டுவதற்குச் சமதரையும் இல்லை. அதனால் எத்தனை லிட்டர் டேங்க் வைக்கலாம் என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டு வாரத்தில், நிரம்பியதை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மாறிப்போனது. கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம்.

முதலில் ஒரு கணக்கு. வண்டிக்குள் வருகிற தண்ணீர் 20 லிட்டர் கேனில் வருகிறது. மூன்று பேர், ஒரு ராத்திரி, இரண்டு வேளைச் சமையல் என்றால் முகம் கைகால் கழுவுவதோடு சேர்த்து 25 லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. குளியல் தனி, வாளியில் மொண்டு குளித்தால் ஆளுக்கு ஒரு வாளி, 15 லிட்டர். ஷவர் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும், அதனால் வைக்கவில்லை. உள்ளே எத்தனை கேன் ஏற்றினோமோ அதற்கு மேல் வெளியே வராது. கழுநீர் டேங்க் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் கிடையாது.

மணலிலேயே விட்டுவிடுவது

பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டதால் இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். கரையோரத்தில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. மணல் வடிகட்டும் என்று நம்பி ஊற்றுவது நேராக அதில்தான் போய்ச் சேருகிறது. மணல் இல்லாத இடத்தில் தேங்கும். தேங்கிய அழுக்குத் தண்ணீரில்தான் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடும், யானைக்கால் நோயைப் பரப்புகிற ஜாதி. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நாம் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம், கொசு அங்கே இருப்பவர்களுக்கு.

பழவேற்காடு மாதிரி ஏரிக்கரையில் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது. இறாலும் நண்டும் அந்தத் தண்ணீரில்தான் வளருகின்றன.

கேனும் பெயிண்ட் வாளியும்

செலவே இல்லாத வழி. குழாயின் வாயில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி, ஹோஸை ஒரு கேனில் விடுவது. நிரம்பியதும் அடுத்த கேன்.

வீட்டில் குடிதண்ணீர்க் கேன் இரண்டு பழையது கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் வைத்தால் நுழையவே இல்லை. தரைக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் ஒன்றரை அடி. கேன் அதைவிட உயரம். சாய்த்து வைத்தால் பாதிகூட நிரம்பாது. இந்தச் சின்ன விஷயத்தை யாரும் முன்கூட்டியே அளந்து பார்ப்பதில்லை, நாங்களும் பார்க்கவில்லை. இதற்குள் அம்மா வேறு பிடித்துக்கொண்டார். "குடிக்கிற கேன்ல எச்சத் தண்ணியா? நாளைக்கு எது எதுன்னு எப்பிடிடா தெரியும்?" நியாயமான கேள்வி. ராத்திரி இருட்டில், தூக்கக் கலக்கத்தில், இரண்டு கேனும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிறகு 20 லிட்டர் பெயிண்ட் வாளி. சென்னையில் எந்தத் தெருவிலும் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டால் கிடைக்கும். குட்டை, அகலம், கெட்டியான மூடி. மூடியில் ஹோஸ் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் காற்று வெளியேற இன்னொரு சின்ன ஓட்டை போட்டோம். இரண்டாவது ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காமல் சிங்க்கிலேயே நிற்கும். அந்தச் சின்ன ஓட்டைக்குக் கொசு வலைத் துண்டு ஒட்டினோம். வாளியின் கைப்பிடியில் அம்மா ஒரு சிவப்புத் துணி கட்டினார். அது கழுநீர் வாளி என்று குழந்தைக்கும் தெரியும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, நிரம்பியது தெரியாது. உள்ளே ஒருவர் கையலம்ப, வெளியே வழிந்தோடும். தீர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. பாத்திரம் கழுவுகிறவர் ஒருமுறை இறங்கிப் பார்க்கவேண்டும். இரண்டு, எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. முழு வாளி 20 கிலோ, கம்பிக் கைப்பிடி உள்ளங்கையை அறுக்கும், நடக்க நடக்கத் தளும்பி காலில் ஊற்றும். 15 லிட்டருக்கு ஒரு கோடு போட்டு அதற்கு மேல் நிரப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மழை நாளில் இந்த வழி சரிப்படாது. ஐப்பசி மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு வாளி மாற்ற இறங்கிப் பாருங்கள், புரியும்.

ஆனாலும் சொல்கிறேன், ஒரு ராத்திரிப் பயணத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. மிச்சம் வைக்க இடமே இல்லாததால் நாற்றமும் இல்லை. அன்றைக்கு வந்ததை அன்றைக்கே, யாராவது ஒருவர் வீட்டுக் கழிப்பறையில் கேட்டு ஊற்றிவிடுகிறோம். கேட்டால் இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. அப்படியே ஒரு டீயும் கிடைத்திருக்கிறது.

மச்சானின் எஃகு டேங்க்

மச்சானுக்குத் தகடு என்றால் உயிர். முதல் நாளே சொல்லிவிட்டான்: "மாமா, அடியில ஒரு நூறு லிட்டர் எஸ்.எஸ். டேங்க் போட்டுடலாம். நாலு நாளைக்குக் கவலையே இல்ல. ஆர்கான் வெல்டிங், ஒரு சொட்டு ஒழுகாது." ஒழுகாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அவன் கை அப்படி.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம். சரியாக நூறு லிட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் காலி டேங்கே ஏறத்தாழ 19 கிலோ. நிரம்பினால் 120 கிலோவை ஐம்பது வருஷத்து மரச்சட்டமும் ஒற்றை அச்சும் தாங்கவேண்டும். ஒரு ஆளுக்கும் அதிகமான எடை, அதுவும் தளும்புகிற எடை. அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் இழுபடுகிற கேரவனின் வால் ஆட ஆரம்பிக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்தவேண்டும் என்பது இழுவை வண்டிக்காரர்களின் பொதுக் கணக்கு. பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம், பிரேக் போடுகிறபோது தண்ணீர் முன்னும் பின்னும் ஓடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி. நடுவில் வால் ஆடுகிற கேரவனை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது.

அடுத்தது வேகத்தடை. எங்கள் பக்கத்து வேகத்தடைகள் எந்த அளவிலும் அடங்காதவை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு உயரம். தரையிலிருந்து 45 சென்டிமீட்டரில் வண்டியின் அடிமரம். அதில் 20 சென்டிமீட்டரை டேங்க் எடுத்துக்கொண்டால் மிச்சம் 25. பின்னால் இரண்டு சக்கரம் ஏறி இறங்குகிறபோது நடுவில் தொங்குவது முட்டாமல் போகாது.

இதெல்லாம் போகட்டும், நூறு லிட்டரை எங்கே கொட்டுவது? 15 லிட்டரை ஒருவர் வீட்டில் கேட்டு ஊற்றலாம். நூறு லிட்டர் கொண்டுவந்து நிற்கிறேன் என்று யாரிடம் கேட்பது? நாலு நாள் கவலையில்லை என்பது, நாலு நாள் சேர்ந்த கவலை ஐந்தாம் நாள் ஒன்றாக வருவதுதான். சென்னை வெயிலில் ஒரு நாளிலேயே கழுநீர் கெட ஆரம்பித்துவிடும். உள்ளே காற்றில்லாமல் கிருமிகள் வேலை செய்து அழுகின முட்டை நாற்றத்தை உண்டாக்கும். மூன்றாம் நாள் டேங்க் வால்வைத் திறக்கிறவனை அவன் பெண்டாட்டிகூட வீட்டுக்குள் விடமாட்டாள்.

நாற்றத்துக்கு ப்ளீச்சிங் பவுடர் போடலாம் என்றான். அதிலுள்ள குளோரின் 304 ரக எஃகைப் புள்ளி புள்ளியாக அரிக்கும், கடல் காற்றும் கூடச் சேர்ந்துகொள்ளும். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ப்ளீச்சிங் பவுடர் போட்டதில் கழிப்பறை கழுவுகிற ஆசிட்டைத் தப்பித்தவறியும் ஊற்றாதீர்கள். வருவது குளோரின் புகை, அடைத்த வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

தகடு வாங்கி வந்துவிட்டான் என்பதுதான் சோகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு இஞ்ச் பைப்

இதைச் சொன்னது எங்கள் தெரு பிளம்பர் அண்ணன். டேங்க் என்றால் சதுரமாகத்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டார். ஆறு இஞ்ச் பிவிசி பைப், அதாவது 160 மில்லிமீட்டர், மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். நாலு இஞ்ச் பைப்பில் அது எட்டரை லிட்டர்தான், அதனால் அதை விட்டுவிடலாம். நாலடித் துண்டு இரண்டை வண்டியின் அடிச்சட்டத்துக்கு இடையில், அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஒரு கோடியில் இணைத்து, மற்றக் கோடியில் மூடி போட்டால் நாற்பது லிட்டர் டேங்க் தயார். எங்கள் இரண்டு கேன் தண்ணீருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பாரிமுனையில் பைப், மூடி, வால்வு, ஒட்டுகிற சால்வென்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. தொங்கவிடுகிற பட்டையை மச்சான் செய்தான். பைப் உராயாமல் இருக்க சைக்கிள் டியூபை அறுத்துப் பட்டைக்குள் வைத்தான். இரண்டடிக்கு ஒரு பட்டை.

வால்வு இருக்கிற பக்கம் தாழ்வாக, நாலடிக்கு ஒரு இஞ்ச் சரிவு கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரண்டு லிட்டர் உள்ளேயே கிடந்து அழுகும். சரிவு அதிகமானால் வேறு தொல்லை, தண்ணீர் வேகமாக ஓடிவிடும், பருக்கை பின்தங்கி ஒட்டிக்கொள்ளும்.

காற்றுக் குழாய் வேண்டும் என்று அண்ணன் முதலிலேயே சொன்னார். நாங்கள்தான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். முதல் முறை தண்ணீர் ஊற்றியதும் சிங்க்குக்கு விக்கல் வந்தது. களக், களக் என்று நாலு முறை ஏப்பம் விட்டு, கருப்பாக ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. உள்ளே போகிற தண்ணீருக்கு உள்ளே இருக்கிற காற்று வழிவிட வேண்டுமே. முக்கால் இஞ்ச் குழாய் ஒன்றை டேங்கின் மேல் கோடியிலிருந்து அலமாரிக்குள் ஏற்றி வெளிச்சுவர் வழியாக விட்டோம், நுனியில் கொசு வலை. விக்கல் நின்றது.

சிங்க்குக்குக் கீழே வளைவுக் குழாய் போட்டால் அதில் நிற்கிற தண்ணீர் நாற்றத்தைத் தடுக்கும். வீட்டில் அது போதும். வண்டியில் குலுங்கிக் குலுங்கி அந்தத் தண்ணீர் காலியாகிவிடுகிறது, மீஞ்சூர் தாண்டுவதற்குள் வண்டிக்குள் மூக்கைப் பொத்திக்கொள்ளவேண்டும். சிங்க் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி வாங்கி, கிளம்பும்போதே அழுத்தி அடைத்துவிட்டால் தீர்ந்தது. பத்து ரூபாய் சமாச்சாரம்.

எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப் இருக்கிறதல்லவா, அதில் ஒரு முழம் வாங்கி டேங்கின் பக்கத்தில் செங்குத்தாகச் சொருகினோம். ஒரு மாதம் நன்றாகத் தெரிந்தது. பிறகு உள்ளே பாசியும் பிசுக்கும் படிந்து, நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே கருப்பு. கழற்றிக் கழுவ முடிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும்.

இதில் ஒரு கஞ்சிக் கதையும் உண்டு. இரண்டாவது பயணத்தில் அம்மா வழக்கம்போல் சோறு வடித்தார். குக்கர் சோறு அவருக்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஒரு படிக் கஞ்சியைச் சிங்க்கில் கவிழ்த்துவிட்டார். பிவிசி 60 டிகிரிக்கு மேல் தாங்காது, மெதுவாக இளகிவிடும். சிங்க்குக்குக் கீழே இருந்த நேர்க்குழாய் லேசாகத் தொய்ந்து, மூட்டில் நூலளவு ஒழுக ஆரம்பித்தது. ஒழுகியது பலகையில் இறங்கியது. ராத்திரி சாமான் எடுக்க அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பழைய கேரவனுக்கு எமன் இந்த மாதிரி ஒழுகல்தான். வெளியே அலுமினியம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் ஊறி உளுத்துப்போயிருக்கும். பலகையில் ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து மாற்றினோம். இப்போது சிங்க்கிலிருந்து டேங்க் வரைக்கும் இருக்கிற குழாய், வெந்நீர்க் குழாய்க்குப் போடுகிற சிபிவிசி. அது 90 டிகிரி வரைக்கும் தாங்கும். இருந்தாலும் கஞ்சி சிங்க்குக்குப் போவதில்லை. ஆறவைத்து உப்புப் போட்டுக் குடித்துவிடுகிறோம், மிச்சம் அம்மாவின் காட்டன் புடவைக்கு. சூட்டைவிட மாவுச்சத்துதான் டேங்குக்குப் பெரிய எதிரி, ஒரே நாளில் புளித்து நொதித்துவிடும்.

மீனும் அப்படித்தான். காசிமேட்டில் வாங்குகிற இடத்திலேயே செதில் நீக்கி வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்சம் காசு பார்த்துக்கொண்டு நெத்திலியை வண்டியிலேயே ஆய்ந்தோம், ஒரு தடவை. அந்தத் தடவை டேங்கை ஏழு முறை அலசினோம். மீன் கழுவிய தண்ணீர் வாளியில்தான் போகவேண்டும், உடனே வெளியேற வேண்டும்.

எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பும் கடினமும் அதிகம். கடினத் தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்து வெள்ளைப் பொருக்காக டேங்கின் உள்பக்கம் ஒட்டும், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் பருக்கை. பயணத்துக்குப் பாத்திரம் விளக்கத் திரவ சோப்பு எடுத்துப் போவதே மேல், அதில் அவ்வளவு திரிவதில்லை. தட்டைக் கழுவும் முன் பழைய பேப்பரால் ஒரு துடை. பாக்கு மட்டைத் தட்டு கிடைத்தால் அதுவும் வேண்டாம்.

டேங்கைக் காலி செய்வதற்கும் ஒரு அளவுப் பிரச்சினை வந்தது. பைப்பின் அடி, தரையிலிருந்து ஓரடிக்கும் குறைவு. பெயிண்ட் வாளி அங்கே நுழையாது. படகுக்காரர்கள் டீசல் வாங்கிப் போகிற தட்டைக் கேன் புதிதாக ஒன்று வாங்கினோம். படுக்கவைத்து ஹோஸை வாயில் விட்டால் முக்கால்வாசி நிரம்பும். நிமிர்த்தி, மூடி திருகி, ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தளும்பாது. டீசல் போட்டுப் பழகின பழைய கேன் வேண்டாம், அந்த எண்ணெய்ப் படலத்தோடு யார் வீட்டிலும் ஊற்ற முடியாது.

வண்டியை ஓட்டும்போது டேங்க் காலியாக இருக்கவேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதம்.

நேராகச் சாக்கடை இணைப்பு

வண்டி நகராமல் ஓரிடத்தில் நிற்கப்போகிறது என்றால், வீட்டுச் சாக்கடைத் தொட்டியில் குழாயை இறக்கிவிடுவதுதான் உத்தமம். வேறு யோசனையே வேண்டாம். பட்டறையில் நிற்கும்போது நாங்கள் அதைத்தான் செய்கிறோம், ஹோஸ் நேராகப் பட்டறைத் தொட்டிக்கு. இரண்டு விஷயம் மட்டும்.

சென்னையில் சாக்கடைக் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. தெருவோரத்தில் சிமெண்ட் பலகை போட்டு மூடியது பெரும்பாலும் மழைநீர் வடிகால். அது பக்கிங்காம் கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய்க் கடலில் சேரும். அதில் கழுநீரை விட்டால் நெட்டுக்குப்பத்து மணலில் விட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். தெரு நடுவில் வட்ட மூடி போட்டிருப்பது குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. அந்த மூடியை நாமே நெம்பித் திறந்து ஊற்றிவிடலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற விஷவாயு எத்தனையோ தொழிலாளிகளைக் காவு வாங்கியிருக்கிறது. வீட்டுத் தொட்டி, இல்லையென்றால் கழிப்பறை.

அடுத்தது மழைக்காலம். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பெருமழையில் சாக்கடை எதிர்த்து வருவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொட்டி நிரம்பினால் அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாகக் கேரவனுக்குள் ஏறும். ஒருவழி வால்வு ஒன்று நடுவில் போடவேண்டும், அல்லது மேகம் கருத்ததும் ஹோஸைக் கழற்றிவிடவேண்டும். நாங்கள் இரண்டும் செய்கிறோம்.

செடிக்கு ஊற்றுவது

கொடுங்கையூரில் 2019 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, எதிர் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. வரைக்கும் கொண்டுபோய், ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற நிலையம் இருக்கிறது. ஊர்க் கழிவையே அப்படி ஆக்கமுடியும் என்றால் நம் 15 லிட்டரை ஒரு சின்ன வடிகட்டி வைத்துத் திரும்பப் பயன்படுத்த முடியாதா என்று எனக்கும் ஆசை இருந்தது. ஜல்லி, மணல், கரி அடுக்கி ஒரு வாளி செய்தேன். நிறம் தெளிந்தது, சோப்பு போகவில்லை, மூன்றாம் நாள் கரி அடைத்துக்கொண்டது. ஓடுகிற வண்டியில் அடுக்கு எல்லாம் கலந்து குழம்பாகிவிட்டது. ஆசை தீர்ந்தது.

நிற்கிற வண்டிக்கு இது வேறு கதை. பட்டறை ஓரத்தில் இரண்டு கல்வாழை, ஒரு வாழை. கையலம்பின தண்ணீரை அவற்றுக்கு விடுகிறோம், செழிப்பாகத்தான் இருக்கின்றன. கீரைக்கும் பச்சையாகத் தின்கிற எதற்கும் விடுவதில்லை. வாளியில் பிடித்ததை அன்றே ஊற்றிவிடவேண்டும், வைத்து ஊற்றினால் வேரே நாறும்.

எதை எடுத்தோம்

ஒரு ராத்திரிப் பயணத்துக்குச் சிவப்புத் துணி கட்டின பெயிண்ட் வாளி. இரண்டு மூன்று ராத்திரி என்றாலோ, மழை என்றாலோ, பைப் டேங்க். ஆனால் அதையும் தினம் சாயங்காலம் தட்டைக் கேனில் இறக்கிவிடுகிறோம், நாற்பது லிட்டர் பிடிக்கும் என்பதற்காக நாற்பது நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. பட்டறையில் நிற்கும்போது ஹோஸ். புதிதாக வாங்கி, இன்னும் எதுவும் செய்யாமல் இருப்பவர் கேட்டால் நான் சொல்வது: முதல் மூன்று பயணம் வாளியோடு போங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது, யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள், முகம் சுளிக்கிறவர் யார் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் பைப்பை அறுக்கலாம். எஃகு டேங்க் பெரிய வண்டிக்குச் சரி, இரட்டை அச்சு, கனத்த சேசிஸ் உள்ளவற்றுக்கு. பழைய சின்ன டிரெய்லருக்கு அது தலைக்கு மீறின பாரம்.

மச்சான் வாங்கின தகடு நாலு மாதம் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. பார்க்கும்போதெல்லாம் "நூறு லிட்டர் மாமா" என்று பெருமூச்சு விடுவான். போன மாதம் நெட்டுக்குப்பத்துக்கு மறுபடி போனோம். அந்தப் பாட்டி வாளியைப் பார்த்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த வாரமே மச்சான் தகட்டை வெட்டி இரண்டு பெரிய மீன் தட்டு அடித்து, அதில் ஒன்றை அந்தப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.